ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது: கடை, தாள், எழுத்து

பாரிமுனையில் பத்திரிகை அடிக்க எந்தத் தெரு என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டர்சன் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும்தான். சொல்ல வேண்டியது, அங்கே எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை. முதலிலேயே மதிப்பெண் போட்டுவிடலாம். அட்டை மாதிரிகளுக்கு ஐந்துக்கு மூன்று. அதே ஆல்பம்தான் தாம்பரத்திலும் அம்பத்தூரிலும் கிடைக்கிறது. கடை ஒழுங்குக்கு ஐந்துக்கு இரண்டு. எழுத்துக்கும் வாசகத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. எந்தச் சாதி, எந்த மதம், எந்த மொழிக் கல்யாணமாக இருந்தாலும் அதன் பத்திரிகை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் இங்கே நடக்கிற தூரத்தில் இருக்கிறார். ஆன்லைனில் பத்திரிகை அடித்துத் தருகிறவர்களால் இதை ஈடுகட்ட முடியாது.

உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடப்பதே நல்லது. காரில் போனால் பத்திரிகை தேர்ந்தெடுக்க ஆகும் நேரத்தைவிட வண்டி நிறுத்த ஆகும் நேரம் அதிகம். காலை பத்தரைக்கு முன்னால் போய்ப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். மாலை ஐந்துக்கு மேல் கூட்டம் ஏறும். கடைப் பையன் ஆல்பத்தைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவான். வேலை நாளில் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

இங்கே ஒரு பத்திரிகை உருவாவதற்குள் பல கை மாறுகிறது. அட்டையை விற்பவர் ஒருவர், எழுத்து கோக்கும் டிடிபி ஆள் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர், பாயில் எனும் பளபளக்கும் தங்க, வெள்ளிப் படலம் ஒட்டி, மடித்து, உள்தாள் ஒட்டித் தருபவர் இன்னொருவர். கடைக்காரர் "எல்லாம் நம்மகிட்டயே" என்பார். பில் அவர் பெயரில்தான் இருக்கும், ஆனால் வேலை மாடிப்படி ஏறி, சந்து திரும்பி, நாலு இடத்துக்குப் போய் வரும். தவறுகள் நேர்வது இந்தக் கைமாற்றத்தில்தான். எனவே புரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் பிழை பார்க்க எடுக்கும் மாதிரித் தாள், பற்றி ஒரே கேள்வியை முதலில் கேட்டு வையுங்கள்: "புரூஃபை யார் திருத்துவார், அவரிடம் நேரில் பேசலாமா?" பேசலாம் என்கிற கடையில் அட்டை கொஞ்சம் விலை கூட இருந்தாலும் அங்கேயே கொடுக்கலாம்.

இப்படித் தெருவுக்கொரு தொழில், தொழிலுக்கொரு கூட்டம் என்று அமைந்ததற்குக் காரணம் ஊரின் வயதில் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே சுவரை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் பட்டணத்தைப் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளுக்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். பீரங்கிக்கு மறைப்பில்லாத வெளி வேண்டும் என்று எல்லை குறித்து 1773 இல் ஆறு தூண்கள் நட்டார்கள். அதில் மிஞ்சிய ஒன்று பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. இன்று உயர் நீதிமன்றம் இருக்கிற இடத்திலிருந்த பட்டணம் கோயில் தேவராஜ முதலி தெருவுக்கு வந்ததும் அந்த இடிப்பினால்தான். மக்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். வலங்கை, இடங்கை என்ற சாதிப் பிரிவுகளின் சண்டையில் 1700களின் தொடக்கத்திலேயே யார் எந்தப் பேட்டை என்று பிரித்தாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை வழக்கறிஞர் ஸ்டீபன் பாப்பம் மேடாக்கியதுதான் பிராட்வே, இப்போது பிரகாசம் சாலை. 1911 இல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரைச் சூட்டி ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். பெயர் மாறியதே தவிர, தெருக்கள் பழைய கணக்கில்தான் ஓடுகின்றன: கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகை, கொடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் தாள்.

அச்சு இந்தப் பக்கத்துக்கு நேற்று வந்ததில்லை. ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற அச்சகம் இருந்தது தங்கசாலைத் தெருவில். 1878 இல் 'தி இந்து'வின் முதல் இதழ் எண்பது பிரதிகள் அச்சானதும் அதே தெருவின் ஸ்ரீநிதி அச்சகத்தில்தான்.

இனி எழுத்துக்கு வருவோம்.

தமிழ் இந்துப் பத்திரிகையில் பிள்ளையார் சுழி, குலதெய்வம் துணை, தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், லக்னம் என்று வரிசை உண்டு. ஜோசியர் எழுதிக்கொடுத்த சீட்டை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். டிடிபியில் இருக்கும் பழைய பத்திரிகையின் மேல் உங்கள் பெயரை மாற்றி எழுதுவதுதான் வழக்கம், போன கல்யாணத்தின் நட்சத்திரம் அப்படியே தங்கிவிடும். அதிகம் நேரும் பிழை ஒன்றே ஒன்று: வரவேற்பு முதல் நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் காலை என்றிருக்க, இரண்டுக்கும் ஒரே தேதி விழுந்திருக்கும். இன்னொரு சிக்கல் விடியற்காலை முகூர்த்தத்தில். 4.30க்கு மேல் 6.00க்குள் என்றால் ஆங்கிலத் தேதி நள்ளிரவிலேயே மாறியாயிற்று, பஞ்சாங்கத்தின் கிழமையோ சூரிய உதயத்தில்தான் மாறும். பஞ்சாங்கம் மேலே சிறிதாக இருக்கட்டும். ஆங்கிலத் தேதியும் கிழமையும் நடுவில் பெரிதாக இருக்க வேண்டும். விருந்தாளி பார்ப்பது அதைத்தான்.

சுயமரியாதைத் திருமணத்துக்கு வாசகமே வேறு. 1967 இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் அந்தத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. 'வாழ்க்கை இணையேற்பு விழா' பத்திரிகைகள் வடசென்னையில் தாராளமாக அடிபடுகின்றன. திருவள்ளுவர் ஆண்டு வேண்டுமென்றால் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுங்கள். 2025 என்றால் 2056. தை முதல் நாளில்தான் அந்த ஆண்டு பிறப்பதால் ஜனவரி முதல் பாதியில் கல்யாணம் வைத்தவர்கள் 30 மட்டும் கூட்ட வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருக்கும் டிடிபி ஆட்கள் குறைவு, நீங்களே கணக்குப் போட்டுக் கொடுப்பது உத்தமம்.

மண்ணடிப் பக்கத்து நிக்காஹ் பத்திரிகைக்கு வருகிறவர்கள் தமிழிலேயே அடிப்பவர்களும் உண்டு, உருதுப் பக்கம் சேர்ப்பவர்களும் உண்டு. தலைப்பில் பிஸ்மில்லாஹ்வைக் குறிக்கும் 786 என்ற எண்ணைப் போடுவதா, பிஸ்மில்லாஹ்வை அரபியில் போடுவதா, தமிழில் 'இறைவனின் திருப்பெயரால்' என்று நிறுத்திக்கொள்வதா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் கருத்து வேறுபடும். பத்திரிகை கடைசியில் குப்பைக்குப் போகுமே என்று அரபி எழுத்தையே தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரர் மாதிரியில் இருப்பதைத் தானாகப் போட்டுவிடாதபடி முதலிலேயே சொல்லிவிடுங்கள். உருதுப் பக்கத்தை இன்பேஜ் மென்பொருளில் கோத்துப் படமாக மாற்றித்தான் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும். நேராக ஒட்டினால் எழுத்து ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கும், சில சமயம் வரியே இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். உருது மட்டும் உள்ள பத்திரிகை என்றால் அட்டையின் மடிப்பு வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஹிஜ்ரி தேதி பிறை பார்ப்பதைப் பொறுத்து ஒரு நாள் நகரும். எனவே அதை ஆங்கிலத் தேதிக்குத் துணையாக மட்டும் வையுங்கள்.

சௌகார்பேட்டை மார்வாடி, ஜைன, குஜராத்தி வீடுகளின் பத்திரிகை பெட்டியாகவே வரும். மெஹந்தி, சங்கீத், கல்யாணம், வரவேற்பு என்று நிகழ்ச்சிக்கு ஒரு தனித் தாள், உள்ளே முந்திரி, பாதாமுக்கு அறை. இங்கே ஒரு நுணுக்கம். விக்ரம வருடம் வட இந்திய வழக்கில் சித்திரை வாக்கில் பிறக்கும், குஜராத்தி வழக்கில் தீபாவளிக்கு மறுநாள் பிறக்கும். 2025 மே மாதத்தில் ஒரு ராஜஸ்தான் வீட்டுக் கல்யாணத்துக்கு 2082 என்றும், அதே வாரம் குஜராத்தி வீட்டுக் கல்யாணத்துக்கு 2081 என்றும் போட வேண்டும். தேய்பிறை நாளென்றால் மாதத்தின் பெயரும் மாறும். தங்கசாலைத் தெருவைச் சுற்றியுள்ள ஆட்களுக்கு இது மனப்பாடம், மற்ற ஊர்களில் இந்தி தெரிந்த டிடிபி ஆள் கிடைத்தாலும் இது தெரிந்தவர் கிடைப்பது அரிது.

தெலுங்குக்கு வேறு தொல்லை. கொத்தவால் சாவடி கன்னிகா பரமேஸ்வரி கோயிலைச் சுற்றி ஆரிய வைசியர் பல தலைமுறையாக இருப்பதால் தெலுங்கு சுபலேகை இங்கே அன்றாட வேலைதான். ஆனால் தமிழுக்கு வைத்த வரி இடைவெளியில் தெலுங்கைக் கொட்டினால் அடியில் தொங்கும் ஒத்தெழுத்து கீழ்வரியின் தலையில் இடிக்கும். இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள், எழுத்தின் அளவைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

தமிழ் எழுத்துருதான் எல்லோருக்கும் பொதுவான கண்டம். நீங்கள் போனில் தட்டி அனுப்புவது யூனிகோடு. டிடிபி மேசைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. மாற்றும்போது தமிழ் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். நடுவில் ஆங்கில எழுத்தில் அடித்த பட்டப்படிப்பு, கம்பெனிப் பெயர், மண்டபத்தின் பெயர் இவை அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறி நிற்கும். ஸ்ரீ காணாமல் போகும். கொம்பு வரிக்கடைசியில் தனியாக நின்று எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். வாசகம் முழுவதையும் பட்டங்கள் உட்படத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தால் இதில் பாதி தீரும். மணமக்கள் பெயரை ஆங்கிலத்திலும் போடுவதென்றால் ஆதாரில் உள்ள எழுத்து மாறாமல் போடுங்கள். திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போது பத்திரிகையைச் சான்றாகக் கேட்பார்கள்; ஒரு எழுத்து கூடினாலும் அலுவலகத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

தாள் விஷயத்தில் ஆல்பத்தைப் பார்த்து மயங்காதீர்கள், விரலால் பாருங்கள். வெளி அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), உள்தாள் 120 முதல் 150 இருந்தால் போதும். 200க்கு மேற்பட்ட எந்த அட்டையையும் கிரீசிங், அதாவது மடிப்புக் கோட்டில் அழுத்தித் தடம், போடாமல் மடிக்கக் கூடாது. அடர் நிற ஆர்ட் போர்டில் மடிப்பு வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். தாளுக்கு இழை ஓட்டம் உண்டு. மாதிரித் தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைகிற திசையோடு மடிப்பு போக வேண்டும். எதிர்த்துப் போனால் பத்திரிகை மேசையில் வைத்ததும் வாய் பிளந்து நிற்கும்.

சொந்த வடிவமைப்பில் தாள் வாங்கி அடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 22×28 அங்குல அட்டையில் 5×7 அளவு பதினாறு வரும் என்று கடையில் சொல்வார்கள். 28இல் ஏழு நாலு முறை போகும், 22இல் ஐந்து நாலு முறை, கணக்கு சரிதான். ஆனால் 28 அங்குலத்தில் ஒரு நூல்கூட மிச்சமில்லை; அச்சு எந்திரம் பிடிக்க ஓரமும் இல்லை, சீவி நேராக்க இடமும் இல்லை. திருப்பிப் போட்டுப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பத்திரிகைக்கு 20 தாள், சேதாரத்துக்கு இன்னும் 3. திருப்பிப் போடும்போது இழையும் திரும்புகிறது என்பதை மறக்க வேண்டாம். ரீம் கணக்கில் வாங்கினால் எடையை நீங்களே சரிபார்க்கலாம்: நீளம், அகலம் இரண்டும் சென்டிமீட்டரில் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 20,000ஆல் வகுத்தால் 500 தாளின் கிலோ எடை வரும். 58.5×91 தாள் 70 ஜிஎஸ்எம் என்றால் 18.6 கிலோ. தராசு இதற்கு ஒரு கிலோ குறைவாகக் காட்டினால் மேலே ஒட்டியிருக்கும் ஜிஎஸ்எம் பொய்.

அச்சு முறையை அட்டைதான் தீர்மானிக்கும். மெரூன், கரும்பச்சை போன்ற அடர் நிறத்தில் தங்க எழுத்து வேண்டுமென்றால் வலைத்துணி வழியே மையைத் தள்ளும் ஸ்கிரீன் அச்சு அல்லது பாயில். சாதாரண டிஜிட்டலில் எழுத்து அடியில் மூழ்கிவிடும். வரிவரியாகப் புடைத்த தாளிலும் டிஜிட்டல் வேண்டாம், பள்ளத்தில் மை இறங்காது. லேமினேஷன் செய்த அட்டைக்கு அதற்கென்ற ஸ்கிரீன் மை தனி. சாதா மையில் அடித்தால் நகம் பட்டாலே பெயர் உரியும். ஸ்கிரீனில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், எனவே மூன்று நிறத்துக்கு ஆசைப்பட்டால் கூலியும் மூன்று. 200 பத்திரிகைக்கு ஒரு நிறம், அதை நன்றாக. பாயிலுக்கு உலோகப் பிளாக் செய்ய வேண்டும், எழுத்து 8 பாயின்டுக்குக் கீழே போனால் ணகரச் சுழியும் னகரச் சுழியும் அடைத்துக்கொண்டு ஒரே பொட்டாகத் தெரியும். உறவினர் பட்டியலைப் பாயிலில் போடச் சொல்லும் குடும்பங்கள் இதை அனுபவித்தே தெரிந்துகொள்கின்றன.

புரூஃபைப் போன் திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். அசல் அளவில் தாளில் எடுக்கச் சொல்லி, பெயர் தெரியாத ஒருவரை உரக்க வாசிக்க வையுங்கள். வீட்டு ஆட்கள் எழுத்தை வாசிப்பதில்லை, மனதிலிருப்பதைச் சொல்லிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் எந்தப் பிழைக்கும் கடை பொறுப்பில்லை என்பது தெரு முழுக்க ஒரே சட்டம், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது வேறு: அட்டை விலையைச் சொல்லும்போது அச்சுக்கூலி, உறையில் அனுப்புநர் முகவரி, உள்தாள் ஒட்டும் கூலி, வரி எல்லாம் வெளியே நிற்கும். "ஒரு பத்திரிகை, கையில் வாங்கும்போது, உறையோடு, வரியோடு எவ்வளவு" என்று ஒரே எண்ணைக் கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். உறை எண்ணிக்கையில் ஐந்தாறு குறைவதும் சகஜம்.

எத்தனை அடிப்பது? ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணி, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு. பின்னால் 50 மட்டும் அடிக்கப் போனால் புது ஸ்கிரீன், புதுக் கூலி, அதே அட்டை கையிருப்பில் இருக்காது.

காலம் பார்ப்பது முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லாததால் அட்டைக் கடைகள் ஓய்வாக இருக்கும். ஆனால் மார்கழியில் அச்சகம் ஓய்வாக இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலண்டரும் டைரியும் எந்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். தை முகூர்த்தக்காரர்கள் நவம்பர் பாதிக்குள் புரூஃப் முடித்துவிட வேண்டும். அது மழைக்காலமும்கூட. ஈரக் காற்றில் ஸ்கிரீன் மை காய இரண்டு மடங்கு நேரமாகும், அவசரப்படுத்தி அடுக்க வைத்தால் ஒரு பத்திரிகையின் மை அடுத்ததன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பள்ளத்தை மேடாக்கிய பகுதி என்பதால் மழைக்குத் தண்ணீர் நிற்கும். கீழ்த்தளத்தில் தரையோடு தாள் அடுக்கியிருக்கும் கடையைவிட, பலகை மேல் அடுக்கியிருக்கும் கடையில் வாங்குங்கள்.

வாங்கும்போது கட்டைப் பிரித்து நடுவிலிருந்து நாலைந்தை உருவிப் பாருங்கள், மேலே இருப்பது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஒன்றை உறையோடு தராசில் வையுங்கள். 20 கிராமைத் தாண்டினால் தபாலில் அடுத்த கட்டணம், அதைத் தெரியாமல் ஒட்டினால் வாங்குகிறவர் தண்டம் கட்ட நேரும். ராஜாஜி சாலையில் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1884 இல் திறந்த தலைமைத் தபால் நிலையம் பக்கம்தான். வெளியூர்ப் பத்திரிகைகளை அப்படியே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். முதல் பத்திரிகையைக் கந்தகோட்டத்திலோ காளிகாம்பாளிடமோ வைப்பவர்கள் அதை மட்டும் மஞ்சள் தாளில் தனியாகப் பத்து அடித்துக்கொள்கிறார்கள், செலவும் அதிகமில்லை. மஞ்சள் தடவுவதை வீட்டில் மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் குழைத்து நாலு மூலையில் மட்டும் தொட வேண்டும். தண்ணீராக இருந்தால் அட்டை நெளியும், பாயில் மேல் பட்டால் தங்கம் மங்கும், லேமினேஷன் அட்டையில் ஒட்டவே ஒட்டாது. அந்த வகை அட்டைதான் பிடித்திருக்கிறது என்றால் மஞ்சளை உறையின் மூலையில் வைத்துவிடலாம், உறை சாதாத் தாள்தான்.